சாம்பல் நிறம் எங்கிருந்து வருகிறது? கறுப்பு-வெள்ளை இங்க்ஜெட் பிரிண்டுக்கு மையும் தாளும்

கறுப்பு-வெள்ளைப் படத்தை அச்சிடுவது கலர் படத்தை அச்சிடுவதைவிடச் சுலபமாக இருக்கும் என்றுதான் முதலில் தோன்றும். ஒரே நிறம், அதில் கூடக்குறைய, அவ்வளவுதானே? இங்க்ஜெட்டில் முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும், நிலைமை நேர்மாறு. கலர் படத்தில் வானத்தின் நீலம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். கறுப்பு-வெள்ளையில் ஒரு முகத்தின் நிழல் பக்கம் இம்மியளவு பச்சையாகிவிட்டால் போதும், பார்க்கிறவருக்கு ஏதோ சரியில்லை என்று பட்டுவிடும், என்னவென்று சொல்லத் தெரியாவிட்டாலும். சாம்பலில் கலந்த சிறு நிறச் சாய்வைக் கண்டுபிடிப்பதில் நம் கண் அவ்வளவு கெட்டி.

"எந்தப் பிரிண்டரில் கறுப்பு நல்லா வரும்?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. ஒரு படத்தில் முழுக் கறுப்பு இருக்கும் இடம் கொஞ்சம்தான். மீதி எல்லாம் சாம்பல். அந்தச் சாம்பலை இந்தப் பிரிண்டர் எதை வைத்து உண்டாக்குகிறது என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. அதற்கு அடுத்த நொடியே தாள் உள்ளே வந்துவிடும். மையைத் தனியாகவும் தாளைத் தனியாகவும் தேர்ந்தெடுக்கவே முடியாது.

சாதாரணப் பிரிண்டரிடம் சாம்பல் மை கிடையாது. அதற்கு இரண்டு வழிகள்தான். ஒன்று, கறுப்பு மையைப் புள்ளிகளாகத் தெளித்து இடையில் வெள்ளைத் தாளைத் தெரியவிடுவது. நிழல் பகுதிகளில் இது ஒத்துவரும். வெளிச்சப் பகுதிகளில் புள்ளிகள் ஒன்றுக்கொன்று தள்ளி விழுவதால், மேகமோ கன்னமோ மிளகைத் தூவியதுபோல் தெரியும். இரண்டாவது வழி சயான், மஜென்டா, மஞ்சள் மூன்றையும் கலந்து சாம்பல் போலத் தோன்றவைப்பது. புள்ளி மறைந்துவிடும், ஆனால் அந்தச் சாம்பல் ஒரு சமரசம். மூன்று மைகளில் ஒன்று கொஞ்சம் கூடினாலும் படம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

சாய்வைக்கூடச் சரிசெய்துவிடலாம். அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு: விளக்கு மாறினால் படத்தின் நிறமும் மாறுவது. மெட்டமெரிசம் என்று அச்சுக்காரர்கள் இதைச் சொல்வார்கள். கலர் மைகளைக் கலந்து செய்த சாம்பல், ஒளியின் எல்லா அலைநீளங்களையும் ஒரே அளவில் திருப்பி அனுப்புவதில்லை. சில இடத்தில் மேடு, சில இடத்தில் பள்ளம். ஒரு குறிப்பிட்ட விளக்கின் கீழ் அந்த மேடுபள்ளங்கள் ஒன்றையொன்று ஈடுகட்டி, கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிகின்றன. விளக்கை மாற்றினால் கணக்கு குலைந்துவிடும். 2000-ஆம் ஆண்டில் வந்த எப்சன் ஸ்டைலஸ் ஃபோட்டோ 2000பி இதற்குப் பேர்போனது. நீண்ட நாள் நிலைக்கும் பிக்மென்ட் மை (கரையாத நிறமித் துகள்கள் மிதக்கும் மை) என்று வரவேற்கப்பட்ட பிரிண்டர் அது. ஆனால் குண்டு பல்பு வெளிச்சத்தில் சரியாக இருந்த படம் ஜன்னலோரம் வந்ததும் பச்சையடிக்கும். அதில் கறுப்பு-வெள்ளை அச்சிட்டவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

இதிலிருந்து தப்பிக்க வழி, சாம்பலைக் கலந்து செய்யாமல் சாம்பலாகவே கொடுப்பது. அமெரிக்காவின் வெர்மான்ட்டைச் சேர்ந்த ஜான் கோன் இதை முன்கூட்டியே செய்துகாட்டியவர்களில் முக்கியமானவர். கலர் மைகளை எடுத்துவிட்டு, அந்த இடங்களில் கறுப்பின் வெவ்வேறு வெளிறல்களை நிரப்புவது அவருடைய பியசோகிராஃபி முறை. பின்னாளில் அதில் ஏழு சாயல்கள் வரை வந்தன. ஏழு மையும் கறுப்பின் குடும்பம்தான். அதனால் வெளிச்சப் பகுதியில்கூடத் துளிகள் நெருக்கமாக விழும், புள்ளி கண்ணில் படாது.

தயாரிப்பாளர்கள் மெதுவாகத்தான் பின்தொடர்ந்தார்கள். 2002-இல் எப்சன் 2200 ஒரே ஒரு வெளிர் கறுப்பைச் சேர்த்தது. அடுத்த வருஷம் எச்பி, ஃபோட்டோஸ்மார்ட் 7960-க்குச் சாம்பல் கார்ட்ரிட்ஜ் ஒன்றைத் தனியாகக் கொடுத்தது. 2005-இல் வந்த எப்சன் ஆர்2400-தான் பலருக்கும் திருப்புமுனை. முழுக் கறுப்பு, வெளிர் கறுப்பு, இன்னும் வெளிர்ந்த கறுப்பு என்று மூன்று நிலைகள், அவற்றை முதன்மையாகப் பயன்படுத்தும் கறுப்பு-வெள்ளைக்கென்றே டிரைவரில் (பிரிண்டரை இயக்கும் மென்பொருளில்) ஒரு தனி முறை. 2011-இல் கேனன் பிக்ஸ்மா ப்ரோ-1 இன்னும் ஒரு படி போய், பன்னிரண்டு மைகளில் ஐந்தைக் கறுப்பு-சாம்பல் வரிசைக்கே ஒதுக்கியது. இன்று கறுப்பு-வெள்ளைக்காகப் பிரிண்டர் தேடுபவர் பார்க்க வேண்டியது இந்த எண்ணிக்கையைத்தான். கறுப்பைத் தவிர குறைந்தது இரண்டு சாம்பல் மைகள் இல்லாத பிரிண்டரை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

சரி, சாம்பல் மைகள் இருந்துவிட்டால் கலர் மையே வேண்டாமா? அங்கேதான் கரியின் குணம் குறுக்கே வருகிறது. பிக்மென்ட் கறுப்பு மையில் இருப்பது பெரும்பாலும் கரி. சீனாவிலும் ஜப்பானிலும் பல நூற்றாண்டுகளுக்கு முன் தூரிகையால் தீட்டிய ஓவியங்கள் இன்றும் கறுப்பாகவே இருக்கின்றன என்றால், அது புகைக்கரியின் தயவு. வெளிச்சத்துக்கு அசையாத நிறமிகளில் அதற்கு நிகர் குறைவு. ஆனால் அதை நீர்க்கவைத்து வெளிறச் செய்தால் நடுநிலைச் சாம்பல் வருவதில்லை, பழுப்பு எட்டிப்பார்க்கும். துகள் எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு பழுப்பு. விழும் தாளைப் பொறுத்தும் இது கூடும் குறையும்.

இந்தப் பழுப்பை மட்டுப்படுத்தத்தான் டிரைவர் கொஞ்சம் நீலச் சாயலைக் கலக்கிறது. பொதுவாக வெளிர் சயானும் வெளிர் மஜென்டாவும். ஆக நடுநிலைச் சாம்பல் வேண்டுமென்றால் கொஞ்சமாவது கலர் உள்ளே வந்தே தீரும். அந்தக் கலர் நிறமிகள் கரியைவிடச் சீக்கிரம் மங்கக்கூடியவை. பல வருஷங்கள் சுவரில் தொங்கிய பிறகு படம் வெளிறுவதைவிட, மெல்லப் பழுப்பேறுவதைத்தான் முதலில் பார்க்க வாய்ப்பு அதிகம். கரி தன் இயல்பு நிறத்துக்குத் திரும்புகிறது. முழுக்க கரியாலேயே அச்சிட்டால் இந்த மாற்றம் நடக்காது, ஆனால் முதல் நாளிலிருந்தே படம் இளம்பழுப்புதான். அமெரிக்கப் புகைப்படக்காரர் பால் ரோர்க் போன்றவர்கள் இந்தத் தூய கரி முறையை விடாமல் வளர்த்தெடுத்தார்கள். எனக்கு அந்த வெதுவெதுப்பான சாம்பல் பிடிக்கும். பனி, இரும்பு, கண்ணாடிக் கட்டடம் போன்ற படங்களுக்கு அது ஒட்டாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

துகளாக இல்லாமல் கரைந்த சாயமாக இருக்கும் டை மையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பளபளப்புத் தாளில் ஆழமான கறுப்பு வரும், மேற்பரப்பு வழுவழுவென்று ஒரே சீராக இருக்கும், ஆல்பத்துக்கு அழகு. ஆனால் காற்றில் இருக்கும் ஓசோனே அதற்குப் பகை. 2000-ஆம் ஆண்டு எப்சனின் 870, 1270 பிரிண்டர்களில் ஒரு குறிப்பிட்ட பளபளப்புத் தாளில் எடுத்த படங்கள் சில இடங்களில் வெகு சீக்கிரம் ஆரஞ்சு நிறமாக மாறின. சயான் சாயம் மட்டும் காற்றுக்குப் பலியானதுதான் காரணம். அதே மை வேறு தாளில் அவ்வளவு மோசமாக நடந்துகொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மூன்று சாயங்களால் ஆன சாம்பலில் ஒன்று நழுவினால் என்ன ஆகும் என்று விளக்கவே வேண்டாம்.

தாள்

தாள்களை மேட், பளபளப்பு என்று இரண்டு கட்சியாகப் பிரித்துச் சண்டை போடுவது பழைய வழக்கம். சண்டையின் மையத்தில் இருப்பது ஒரு எண்: அந்தத் தாளில் கிடைக்கக்கூடிய உச்சக் கறுப்பின் அடர்த்தி. அச்சுக்காரர்கள் டிமேக்ஸ் என்பார்கள். நல்ல மேட் தாளில் அது சுமார் 1.6 முதல் 1.7. பரைட்டா (பேரியம் சல்பேட் பூச்சுள்ள தாள்) போன்ற அரைப்பளபளப்புத் தாள்களில் 2.2-க்கு மேல் போகும், இன்றைய மைகளில் 2.5-ஐயும் தொடும். இது மடக்கை அளவு என்பதால் வித்தியாசம் சின்னதாகத் தெரிகிறது. ஒளியாக மாற்றினால், 1.6 என்பது விழும் வெளிச்சத்தில் 2.5 சதவீதம் திரும்பி வருகிறது என்று அர்த்தம், 2.3 என்றால் அரை சதவீதம். அதாவது ஐந்தில் ஒரு பங்கு.

மேட் தாளில் கறுப்பு ஏன் அவ்வளவு இறங்காது? மையில் குறை இல்லை. கரடான மேற்பரப்பு ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிக்கிறது. நீங்கள் எங்கே நின்றாலும் அதில் ஒரு பகுதி கண்ணுக்கு வந்து, கறுப்பின் மேல் மெல்லிய வெண்படலம் போல் படிந்துவிடும். பளபளப்பான பரப்பு ஒளியை ஒரே பக்கம் திருப்பி அனுப்புகிறது. அந்தக் கோணத்திலிருந்து ஓரடி விலகி நின்றால் கறுப்பு முழு ஆழத்தோடு தெரியும்.

இந்த எண்ணை மட்டும் வைத்துத் தாள் வாங்குகிறவர்களிடம் இரண்டு விஷயங்களைச் சொல்வேன். முதலாவது, பிளாட்டினம் பிரிண்ட் என்று இருட்டறைக் காலத்திலிருந்தே போற்றப்படும் ஒரு முறை இருக்கிறது. அது முழுக்க மேட். அதன் உச்சக் கறுப்பு இன்றைய மேட் இங்க்ஜெட்டைக்கூட எட்டாது. அதன் அழகெல்லாம் நடுச் சாம்பல்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து நிற்பதில் இருக்கிறது. இரண்டாவது, சட்டமிடும் கண்ணாடி. சாதாரணக் கண்ணாடி தன் இரு பரப்புகளிலும் சேர்த்து சுமார் 8 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். எதிரே வெளிச்சமான சுவரோ ஜன்னலோ இருந்தால், அரை சதவீதக் கறுப்பும் இரண்டரை சதவீதக் கறுப்பும் அந்தப் பிரதிபலிப்புக்குள் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். பரைட்டாவின் ஆழத்துக்காகச் செலவழித்துவிட்டு மலிவான கண்ணாடிக்குப் பின்னால் அடைப்பதில் அர்த்தமில்லை. பிரதிபலிப்பைத் தடுக்கும் கண்ணாடி வேண்டும், அல்லது கண்ணாடியே இல்லாமல் மாட்ட வேண்டும்.

தாளைத் தேர்ந்ததுமே கறுப்பு மையும் முடிவாகிவிடுகிறது. பிக்மென்ட் பிரிண்டர்களில் ஃபோட்டோ பிளாக், மேட் பிளாக் என்று இரண்டு கறுப்பு இருப்பது இதற்காகத்தான். ஃபோட்டோ பிளாக்கில் நிறமித் துகள்கள் பிசினால் போர்த்தப்பட்டிருக்கும். பளபளப்பான பூச்சின் மேல் ஒட்டிக்கொண்டு மிளிரும். அதையே மேட் தாளில் அடித்தால் கறுப்பு சோர்ந்துபோய்க் கரும்சாம்பலாகிவிடும். மேட் பிளாக்கைப் பளபளப்புத் தாளில் அடித்தாலோ விரல் பட்டாலே ஈஷிக்கொள்ளும். பழைய எப்சன் பிரிண்டர்கள் சிலவற்றில் இரண்டு கறுப்பும் ஒரே குழாயைப் பகிர்ந்தன, ஒவ்வொரு முறை மாற்றும்போதும் மை வீணாகும். 2020-இல் வந்த பி700, பி900 இரண்டிலும் தனித்தனி நாஸில்கள் கொடுத்துவிட்டார்கள். பழைய பிரிண்டர் வாங்குகிறவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இப்போது பேச்சில் அதிகம் அடிபடாத விஷயம்: தாளின் வெள்ளை. படத்தின் மிக வெளிர்ந்த மை என்பது தாள்தான். மேகத்தின் உச்சியில், வெள்ளைச் சட்டையின் மடிப்பில் மை ஏறக்குறைய இல்லை. அங்கே நீங்கள் பார்ப்பது தாளின் நிறம். பல தாள்களைப் பளிச்சென்று காட்டுவதற்காக ஒளிர்ப்பான்கள் சேர்க்கிறார்கள். இவை புற ஊதா ஒளியை உறிஞ்சி நீல ஒளியாக வெளியிடும். கடையில், பகல் வெளிச்சத்தில் தாள் சுத்த வெள்ளையாக, ஏன், நீலம் போட்டுத் துவைத்த துணி மாதிரிகூடத் தெரியும். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடிக்குள் போனதும் ஒளிர்ப்பான் தூங்கிவிடும். பெரும்பாலான வெள்ளை எல்இடி விளக்குகளிலும் புற ஊதா ஏறக்குறைய இல்லாததால் அங்கேயும் அதே கதைதான். வருஷங்கள் போகப்போக அது தன் சக்தியையும் இழக்கிறது, தாள் மஞ்சளாகிவிட்டது போலத் தோன்றும். மையைக் கொண்டு ஒழித்த மெட்டமெரிசம் தாள் வழியாகத் திரும்பி வருகிறது என்றே சொல்லலாம். ஒரு சின்ன புற ஊதா டார்ச்சை இருட்டில் தாள் மேல் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நீலமாக மின்னினால் ஒளிர்ப்பான் இருக்கிறது.

ஒளிர்ப்பான் இல்லாத தாள்கள் முதல் பார்வைக்குக் கொஞ்சம் பால்நிறமாக இருக்கும். கான்சன் நிறுவனத்தின் பிளாட்டின் ஃபைபர் ராக் அந்த வகை: நூறு சதவீதப் பருத்தி, ஒளிர்ப்பான் கிடையாது, இருட்டறைக் காலத்துப் பளபளப்புத் தாளை நினைவூட்டும் மேற்பரப்பு. மேட் பக்கம் ஹானேமுலேயின் ஃபோட்டோ ராக் ஏறக்குறைய ஒரு அளவுகோலாகிவிட்டது. 1584 முதல் தாள் செய்துவரும் ஜெர்மன் ஆலை அது. பருத்தித் தாளில் சதுர மீட்டருக்கு 308 கிராம் எடை, கையில் எடுத்தாலே ஒரு மரியாதை வரும். அதில் ஒளிர்ப்பான் சிறிதளவு உண்டு. அறவே வேண்டாம் என்பவர்களுக்கு அதே நிறுவனத்தில் வேறு தாள்கள் இருக்கின்றன.

தாளின் வெள்ளையும் மையின் சாயலும் ஒத்துப்போக வேண்டும். நீலம் கலந்த வெள்ளைத் தாளில் இளம்பழுப்புக் கரி மையைப் போட்டால், வெளிச்சப் பகுதி குளிர்ச்சியாகவும் நிழல் வெதுவெதுப்பாகவும் இரண்டாகப் பிரியும். வேண்டுமென்றே செய்தால் அது ஒரு உத்தி, சில படங்களில் அழகாகவும் இருக்கும். தெரியாமல் நடந்தால் படம் இரண்டு துண்டை ஒட்டவைத்தது போலிருக்கும். பால்நிறத் தாளில் கடும் நடுநிலைச் சாம்பலும் இப்படியே உறுத்தும். அங்கே சாம்பலைத் துளி பழுப்புப் பக்கம் தள்ளினால் படம் தாளோடு உட்கார்ந்துவிடும்.

பளபளப்புத் தாள்களுக்கு மட்டுமே உரிய ஒரு தொந்தரவு, சாய்த்துப் பார்த்தால் நிழல் பகுதிகள் வெண்கலம் போல் மின்னுவது. மை விழுந்த இடமும் விழாத இடமும் வேறுவேறு பளபளப்பாகத் தெரிவது இன்னொன்று. நிறமிகள் பரப்பின் மேல் தங்குவதுதான் இரண்டுக்கும் மூலம். கேனனின் குரோமா ஆப்டிமைசர், எச்பி இசட்3100-இல் இருந்த பளபளப்பு மேம்படுத்தி ஆகியவை நிறமில்லாத ஒரு திரவத்தைப் படத்தின் மேல் பரப்பிச் சமன்செய்கின்றன. பிரிண்டரில் அப்படியொன்று இல்லையென்றால் பரைட்டா வகைகளின் மிதமான மினுமினுப்பு இந்தக் குறையைப் பெருமளவு மறைக்கும். கண்ணாடி போன்ற பளபளப்பைத் தவிர்க்கலாம். பிளாஸ்டிக் பூசிய ஆர்சி தாள் சோதனை அச்சுக்குப் போதும்.

மேட் தாளுக்கு இந்த வம்பு எதுவும் இல்லை. அதற்கு வேறு வம்பு: உரசினால் கறுப்பில் கோடு விழும். பருத்தித் தாளில் ஒட்டியிருக்கும் தூசியையும் நார்த்துணுக்குகளையும் அச்சிடும் முன் மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவை மையோடு உதிர்ந்து, கறுப்பின் நடுவே வெள்ளைப் புள்ளி நிற்கும்.

அச்சிடும்போது

நல்ல மை, நல்ல தாள் இருந்தும் நிழல்கள் அடைத்துக்கொண்டு வருகிறதென்றால், பெரும்பாலும் தாளில் அளவுக்கு மீறி மை கொட்டப்படுகிறது. ஒவ்வொரு தாளுக்கும் ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டி மை ஊற்றினால் கறுப்பு கூடாது. பக்கத்தில் இருக்கும் கரும்சாம்பல்கள் அதோடு கலந்து காணாமல் போகும். சில மேட் தாள்களில் வரம்பு தாண்டினால் கறுப்பு வெளிறக்கூடச் செய்யும். வெள்ளையிலிருந்து கறுப்பு வரை 21 படிகள் கொண்ட பட்டை ஒன்றை அச்சிட்டு, காய்ந்தபின் அளந்து, படிகளுக்கு இடையே இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். அளக்கும் கருவி இல்லாவிட்டாலும், கடைசி நான்கைந்து கரும்படிகள் கண்ணுக்குப் பிரிந்து தெரிகின்றனவா என்று பார்த்தாலே பாதி விவரம் கிடைத்துவிடும். அங்கே பிரியவில்லை என்றால் தாள் வகை அமைப்பை மாற்றிப் பாருங்கள். டிரைவரில் தாளின் பெயரை மாற்றுவது என்பது உண்மையில் மையின் அளவை மாற்றுவதுதான். இதற்கு மேல் கட்டுப்பாடு வேண்டும் என்பவர்கள் ராய் ஹாரிங்டன் எழுதிய குவாட்டோன் ரிப் என்ற மென்பொருளுக்குப் போகிறார்கள். எந்தச் சாம்பலில் எந்த மை எவ்வளவு விழ வேண்டும் என்று ஒவ்வொன்றாக அதில் வகுக்கலாம். கலர் மைகளையெல்லாம் எடுத்துவிட்டுச் சாம்பல் மைகளை நிரப்பியவர்களுக்கு அப்படி ஒன்று இல்லாமல் வேலை நடக்காது. அந்தப் பாதையில் போனால் பிரிண்டர் அதற்கே நேர்ந்துவிட்டது. நடுவில் ஒரு கலர் படம் அடிக்கலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

காயும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிண்டரிலிருந்து வந்த ஈரத்தில் தெரிகிற நிழல் விவரம் வேறு, மறுநாள் தெரிவது வேறு. மையில் உள்ள கிளைகால் போன்ற கரைப்பான்கள் மெதுவாகத்தான் வெளியேறும். ஒரு நாளாவது ஆறவிடாமல் சட்டமிட்டால் கண்ணாடியின் உள்பக்கம் புகை படிந்தது போலாகும்.

எத்தனை வருஷம் நிலைக்கும் என்று நிறுவனங்கள் போடும் எண்களைப் படிக்கும்போதும் ஜோடியைத்தான் பார்க்க வேண்டும். வில்ஹெல்ம் இமேஜிங் ரிசர்ச், ஆர்டன்பர்க் போன்ற சோதனையாளர்கள் மையைத் தனியாகச் சோதிப்பதில்லை. இன்ன மை இன்ன தாளில் என்று சேர்த்தே சோதிக்கிறார்கள். ஒரே மைக்கு ஒரு தாளில் ஒரு எண், இன்னொரு தாளில் வேறு எண் வருவதைப் பட்டியல்களில் சாதாரணமாகப் பார்க்கலாம். வில்ஹெல்மின் காட்சிக் கணக்கு நாளுக்கு 12 மணி நேரம், 450 லக்ஸ் வெளிச்சம் என்ற அனுமானத்தில் போடப்படுவது. நேர் வெயில் படும் சுவருக்கு அந்த எண் பொருந்தாது.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் யோசனை இதுதான். இரண்டு மூன்று சாம்பல் மைகள் உள்ள பிக்மென்ட் பிரிண்டர், அதன் சொந்த மை, இரண்டே இரண்டு தாள்: ஒளிர்ப்பான் இல்லாத பருத்தி மேட் ஒன்று, பரைட்டா வகையில் ஒன்று. தாள் நிறுவனங்கள் மாதிரிப் பொதிகள் விற்கின்றன, அதிலிருந்து இந்த இரண்டையும் பொறுக்கலாம். ஒரே படத்தை இரண்டிலும் அச்சிட்டு, காய்ந்தபின், அது மாட்டப்படப்போகும் வெளிச்சத்திலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூடுபனி, வயதான முகம், சுண்ணாம்புச் சுவர் போன்றவை பெரும்பாலும் மேட் பக்கம் போகும். இரவுத் தெரு, ஈரப் பாறை, உலோகம் பரைட்டா பக்கம். இந்த இரண்டு தாளின் குணமும் கைக்குப் பழகும்வரை மூன்றாவது தாளை வாங்காதீர்கள்.